ரகசியம் தெரிந்த பிறகும் தாங்குகிற படங்கள்

துப்பறியும் படத்தின் ரகசியம் ஒரே ஒரு ஆட்டத்துக்குத்தான் தாங்கும். முதல் ஆட்டம் விட்டு வெளியே வருகிறவர்கள், இரண்டாம் ஆட்டத்துக்குக் காத்திருப்பவர்களின் காதுபட வில்லன் யார், ரகசிய அறைக்கு வழி எது என்று பேசிக்கொண்டேதான் போவார்கள். வேண்டுமென்று செய்வதில்லை, பார்த்த சந்தோஷம் வாய்க்குள் நிற்காது. அப்படியிருந்தும் கம்பம் பள்ளத்தாக்கில் ஜெய்சங்கரின் சி.ஐ.டி. படங்களுக்குக் கூட்டம் குறைந்ததில்லை. கதை தெரிந்தவர்களே மறுபடி காசு கொடுத்து வந்தார்கள். அவர்களை வரவைத்தது எது என்று யோசித்தால், பழைய உளவுப் படங்கள் இன்றைக்குத் தாங்குமா என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

நான் உத்தமபாளையத்துக்காரன். 1970-களின் தொடக்கத்தில் டூரிங் கொட்டகையில் ரீல் சுற்றும் பையனாகச் சேர்ந்தேன். பிறகு லைசென்ஸ் எடுத்து, சுற்றுவட்டாரத் தியேட்டர்களில் ஆபரேட்டராக இருந்தேன். படப்பெட்டி வருவது நின்று டிஜிட்டல் வரும்வரை அதுதான் பிழைப்பு. ஆபரேட்டர் ரூமில் இருப்பவனுக்குப் படம் என்பது பெரும்பாலும் சத்தம்தான். கார்பன் குச்சிகள் எரிந்து குறையக் குறைய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திரையில் வெளிச்சம் மங்கிவிடும். ஓடி முடிந்த ரீலைத் திருப்பிச் சுற்ற வேண்டும். அடுத்த ரீலை இன்னொரு மிஷினில் மாட்டிவிட்டு, திரையின் வலது மேல் மூலையில் வட்டப் புள்ளி வருகிறதா என்று கவனிக்க வேண்டும். முதல் புள்ளிக்கு மோட்டாரைப் போட வேண்டும், சில விநாடிகளில் வரும் இரண்டாவது புள்ளிக்கு மாற்றிவிட வேண்டும். இதற்கு நடுவே நின்று படம் பார்க்க நேரமில்லை. நாலு நாள் ஓடிய படத்தைப் பார்க்கவும் தோன்றாது.

ஆனால் சில இடங்களில் சத்தம் கேட்டதுமே ஸ்டூலை விட்டு எழுந்து, சுவரில் இருக்கும் சதுர ஓட்டைக்கு முன் போய் நின்றுவிடுவேன். அடுத்து என்ன வரும் என்று தெரியும், அடி யார் மேல் விழும் என்று தெரியும், இருந்தாலும் கால் தன்னால் போகும். என் அளவுகோல் அதுதான். பல ஆட்டம் ஓட்டிச் சலித்த ஆபரேட்டரை எழுப்புகிற காட்சி, ஐம்பது வருஷம் கழித்தும் ஒருவரை உட்காரவைக்கும். திரும்பத் திரும்ப ஓட்டும்போது திகில் கரைந்து போகிறது. வருஷங்கள் ஓடினாலும் அதுவேதான் நடக்கிறது. திகில் போன பிறகு மிச்சமிருப்பதுதான் படம்.

இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் பேத்தி. கல்லூரியில் படிக்கிறாள். 2022-இல் லோகேஷ் கனகராஜ் எடுத்த ‘விக்ரம்’ அவளுக்கு உயிர். அந்த ஏஜென்ட் விக்ரம் 1986-லேயே கமல் நடித்த பாத்திரம்தான், அவரையே வயதானவராக மறுபடி கொண்டுவந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் பழைய படத்தைத் தேடிப் பிடித்தாள். பார்த்து முடித்துவிட்டு, “தாத்தா, இதுக்கும் முன்னாடி நம்ம ஊருல ஸ்பை படம்லாம் வந்திருக்கா?” என்றாள்.

“வந்திருக்காவா? வாரா வாரம் ஓட்டியிருக்கேன் தாயி” என்றேன்.

ஜேம்ஸ்பாண்ட் 1962-இல் ‘டாக்டர் நோ’வில் திரைக்கு வந்தார். 2021-இல் வந்த ‘நோ டைம் டு டை’ வரை அந்தக் கம்பெனி 25 படங்கள் எடுத்துவிட்டது. நமக்கு அப்படி ஒரே கம்பெனியின் தொடர் கிடையாது. நமக்கு இருந்தது ஒரு நடிகர். 1965-இல் ‘இரவும் பகலும்’ படத்தில் அறிமுகமான ஜெய்சங்கர், அடுத்த வருஷமே சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘வல்லவன் ஒருவன்’ படத்தில் துப்பறியும் அதிகாரியாக வந்தார். 1970-இல் அதே கம்பெனியின் ‘சி.ஐ.டி. சங்கர்’. நடுவிலும் பின்னாலும் அதே சாயலில் எத்தனையோ படங்கள். தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்ற பட்டம் சுவரொட்டியில் அவர் பெயருக்கு முன்னால் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது.

இதில் ஒரு உறவுமுறையைச் சரியாகச் சொல்ல வேண்டும். ‘வல்லவன் ஒருவன்’, ‘சி.ஐ.டி. சங்கர்’ இரண்டுக்குமே மூலம் பிரெஞ்சுப் படங்கள், ஓ.எஸ்.எஸ். 117 என்ற உளவாளியின் கதைகள். ழான் புரூஸ் என்ற எழுத்தாளர் அந்த உளவாளியை வைத்து 1949-லேயே நாவல் எழுதத் தொடங்கிவிட்டார். இயான் ஃபிளெமிங்கின் முதல் பாண்ட் நாவல் 1953-இல்தான் வந்தது. ஆக, நம் சங்கருக்கு பாண்ட் ஒன்றுவிட்ட அண்ணன், கூடப்பிறந்தவர் அந்தப் பிரெஞ்சுப் படத்து உளவாளி. அவரைப் பிரெஞ்சுக்காரர்களே 2006-இல் கேலிப் படமாக எடுத்துச் சிரித்துவிட்டார்கள். பழைய உளவுப் படங்களைச் சிரிப்பதற்கு மட்டும் பயன்படுத்த முடியும் என்ற அந்த முடிவில் எனக்கு ஒப்புதல் இல்லை. ஜெய்சங்கரைப் பார்த்து நாங்கள் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

டூரிங் கொட்டகையில் ஒரே மிஷின். முப்பத்தைந்து எம்.எம். ஃபிலிமில் ஆயிரம் அடி ஓட பதினொரு நிமிஷம். ரீல் தீர்ந்தால் விளக்கைப் போட்டு, அடுத்ததை மாட்டி, மறுபடி அணைக்க வேண்டும். அதனால் ஒரு படத்துக்குப் பல இடைவேளை. ஒவ்வொரு இடைவேளையிலும் மணல் தரையில் உட்கார்ந்திருக்கும் ஜனங்கள் கதையைப் பிரித்துப் பேசுவார்கள். எந்தத் திகிலுக்கும் இதைவிடக் கடுமையான சோதனை கிடையாது. ஏலத்தோட்டத்து வேலைக்கு விடியுமுன் ஜீப் ஏறி குமுளி, வண்டன்மேடு பக்கம் போய்விட்டுச் சாயங்காலம் திரும்புகிற பெண்கள், அலுப்போடு அலுப்பாக முதல் ஆட்டத்துக்கு வந்துவிடுவார்கள். “ஏப்பா தம்பி, சங்கரு படப் பொட்டி வந்துருச்சா?” என்று என்னைக் கேட்பார்கள். பெரிய நடிகர்களின் புதுப்படம் மதுரையில் ஓடி முடித்து எங்கள் பக்கம் வர மாதக்கணக்காகும். ஜெய்சங்கர் பெட்டி குறைந்த வாடகைக்குச் சீக்கிரம் கிடைக்கும். அவர் எங்கள் ஜனங்களுக்கு நெருக்கமானதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் அவர் வேகம். ஜெய்சங்கர் நின்று வசனம் பேசுகிற நடிகர் இல்லை. நடந்துகொண்டே பேசுவார், பேசிக்கொண்டே கதவைத் திறப்பார், வில்லனின் இடத்துக்குள் நுழையும்போதும் முகத்தில் ஒரு லேசான சிரிப்பு இருக்கும். தன்னைப் பற்றித் தானே முழங்குவது அவரிடம் அநேகமாகக் கிடையாது. நாட்டைக் காப்பாற்றுகிறவர் அதை ஆபீஸ் வேலை மாதிரி சுருக்காகச் செய்துவிட்டுப் போவார். அந்தக் காலத் தமிழ்ப் படத்தில் அது பெரிய புதுமை, இன்றைய பெரிய ஹீரோ படங்களோடு வைத்துப் பார்த்தால் இன்றும் புதுமைதான். ‘வல்லவன் ஒருவன்’, ‘சி.ஐ.டி. சங்கர்’ இரண்டையும் இயக்கிய ஆர். சுந்தரம், மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவிய டி.ஆர். சுந்தரத்தின் மகன். மலையாளத்தின் முதல் பேசும்படம் ‘பாலன்’, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ இரண்டும் அந்தக் கம்பெனியிலிருந்து வந்தவை. ஏற்காடு சாலையில் இருந்த அந்த ஸ்டுடியோ, திட்டம் போட்டு நேரத்துக்குப் படம் முடிப்பதில் பேர்போனது. அந்தக் கட்டுப்பாடு படத்துக்குள்ளும் தெரியும், தேவையில்லாமல் யாரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

சண்டைக்கு வருகிறேன். ஃபிலிம் ஒரு விநாடிக்கு ஒன்றரை அடி ஓடும். அறுந்த இடத்தை ஒட்டும்போது கையில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்போம், ஒரு ஷாட் எத்தனை அடி என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். அந்தக் காலச் சண்டையில் ஒரே ஷாட் ஐந்தடி, ஆறடி போகும். அதாவது மூன்று, நான்கு விநாடி கேமரா விலகி நிற்கிறது, இரண்டு ஆட்கள் தலை முதல் கால் வரை தெரிகிறார்கள், யார் யாரை எங்கே அடித்தார் என்பதில் சந்தேகமே வராது. இன்றைய படங்கள் சிலவற்றில் ஒரு அடிக்குள் மூன்று வெட்டு. பார்க்கிறவனுக்கு அடி விழுந்த சத்தம் மட்டும்தான் கிடைக்கிறது. பாண்ட் படங்களில் எனக்கு மிகப் பிடித்தது 1963-இல் வந்த ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’ படத்தின் ரயில் சண்டை. குறுகலான ரயில் பெட்டிக்குள் ஷான் கானரியும் ராபர்ட் ஷாவும். பின்னணி இசையே கிடையாது. ரயில் சத்தம், மூச்சு, கண்ணாடி நொறுங்குவது, அவ்வளவுதான். அங்கே வெட்டுகள் வேகமானவை, ஆனாலும் இடம் புரிந்துவிடுவதால் ஒவ்வொரு அடியும் உறைக்கிறது. முதல் தடவை பார்த்ததைவிட, யார் ஜெயிப்பார் என்று தெரிந்து பார்க்கும்போதுதான் அதன் வேலைப்பாடு தெரிகிறது.

பாட்டும் தாங்கியது. ‘வல்லவன் ஒருவன்’ படத்துக்கு இசை வேதா. மெட்டுகள் பல இந்தியிலிருந்து வந்தவை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எல்.ஆர். ஈஸ்வரி தன் குரலில் அதை எடுத்துக்கொண்ட பிறகு மூலம் எனக்கு ஞாபகம் வந்ததே இல்லை. நான் அதிகம் எழுந்து நின்றது அவர் பாட்டுக்குத்தான்.

எம்.ஜி.ஆர். நடித்த ‘ரகசிய போலீஸ் 115’ எங்கள் மாவட்டத்துக்கு வேறு வகையில் நெருக்கம். பி.ஆர். பந்துலு எடுத்து 1968-இல் வந்த படம், ஜெயலலிதா ஜோடி. அந்த இருவரையும் பிற்பாடு எங்கள் பக்கத்து ஜனங்கள் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள், 1984-இல் ஆண்டிபட்டி எம்.ஜி.ஆரை, 1989-இல் போடிநாயக்கனூர் ஜெயலலிதாவை. படமாகப் பார்த்தால், அதில் உளவு குறைவு, எம்.ஜி.ஆர். அதிகம். 1967-இல் குண்டு பாய்ந்து குரல் மாறிய பிறகு வந்த படங்களில் ஒன்று. அந்தக் குரலோடு அவர் பேச எடுத்துக்கொள்ளும் முயற்சியை இன்று கேட்கும்போது, கதையைவிட அதுதான் என்னை உலுக்குகிறது.

துப்பாக்கி, கருவி, ஆராய்ச்சிக்கூடம், விளக்கு மினுக்கும் சுவர் ஆகியவைதான் முதலில் துருப்பிடிப்பவை. படம் வந்த நாளில் ஜனங்கள் வாய் பிளந்தது அவற்றுக்குத்தான். 1986 ‘விக்ரம்’ இதற்குச் சரியான உதாரணம். இயக்கம் ராஜசேகர், திரைக்கதையில் சுஜாதா. குமுதத்தில் தொடராகவும் வந்தது. அக்னிபுத்ரா என்ற ஏவுகணையை எதிரிகள் கடத்துவதுதான் கதை. இந்தியா தன் அக்னி ஏவுகணையை முதன்முதலாகச் சோதித்தது 1989 மே 22-இல், படம் வந்து மூன்று வருஷம் கழித்து. சுஜாதாவின் காது எவ்வளவு கூர்மை என்று அன்றைக்கு ஆச்சரியப்பட்டேன். அதே படத்தின் கம்ப்யூட்டர் காட்சிகள் இன்று என் பேத்திக்கு எதுவுமே இல்லை. எங்கள் தியேட்டரில் 1986-இல் அந்தக் காட்சிக்கு ஒரு அமைதி விழும், ஏனென்றால் உள்ளே இருந்தவர்களில் அநேகம் பேர் கம்ப்யூட்டரை அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த அமைதி படத்துக்குச் சொந்தமானது இல்லை, அந்த வருஷத்துக்குச் சொந்தமானது.

பேத்தி சொன்ன தீர்ப்பு இது: “பர்ஸ்ட் ஹாஃப் சூப்பர் தாத்தா. சலாமியா போனதுக்கப்புறம் ஓட்டி ஓட்டித்தான் பார்த்தேன்.” என் கணக்கும் அதேதான். மனைவியை இழந்தவன் கோபத்தோடு வேலைக்குத் திரும்புகிற முதல் பாதியில் ஒவ்வொரு காட்சிக்கும் காரணம் இருக்கிறது. கற்பனை ராஜ்ஜியமான சலாமியாவில் டிம்பிள் கபாடியா, அம்ஜத் கான், அரண்மனை, பாலைவனம் எல்லாம் இருந்தும் விக்ரமின் கோபம் காணாமல் போய்விடுகிறது. நான் அந்தப் பாதியில் நிம்மதியாக ரீல் சுற்றுவேன். ஆனால் முதல் பாதியில் சத்யராஜ் வாய் திறந்தால் எழுந்துவிடுவேன். அவர் பயமுறுத்த முயற்சியே செய்யாமல், ரசித்து ரசித்துப் பேசுவார். அந்த வில்லத்தனம் ஒரு துளிகூட பழசாகவில்லை. இசையும் அப்படித்தான். இளையராஜாவின் பண்ணைப்புரம் எங்கள் உத்தமபாளையம் தாலுகாவில்தான் இருக்கிறது. டைட்டிலில் அவர் பெயர் வரும்போது தியேட்டர் போடுகிற சத்தத்தில் மிஷின் சத்தம் எனக்கே கேட்காது. அந்தத் தலைப்புப் பாட்டு வந்து முப்பத்தாறு வருஷம் கழித்துப் புதிய விக்ரம் வந்தபோதும் ஜனங்கள் அதை மறந்திருக்கவில்லை.

சில விஷயங்கள் தாங்கவில்லை, அவற்றை ஞாபகத்தின் பெயரால் மன்னிக்க நான் தயாரில்லை. 1964 ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்தில் வைக்கோல் கொட்டகையில், வேண்டாம் என்று தடுக்கும் பெண்ணை பாண்ட் பலவந்தமாக வசப்படுத்துவதை வீரமாகக் காட்டுகிறார்கள். 1967 ‘யூ ஒன்லி லிவ் டுவைஸ்’ படத்தில் கானரிக்குக் கண்ணையும் தலைமுடியையும் மாற்றி ஜப்பானியர் என்கிறார்கள். 1983 ‘ஆக்டோபுஸி’ உதய்ப்பூரில் எடுத்தது. நம் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் அதில் நடித்திருக்கிறார் என்று நாங்கள் பெருமையோடு ஓட்டினோம். ஆனால் பாம்பாட்டி, தீமிதி, ஆணிப்படுக்கை இதுதான் அவர்கள் காட்டிய இந்தியா. சூதாட்டத்தில் ஜெயித்த பணத்தை இந்திய உளவாளியிடம் கொடுக்கும்போது, குழம்புச் செலவுக்கு ஆச்சு என்கிற மாதிரி பாண்ட் ஒரு வார்த்தை சொல்வார். ஆங்கிலம் புரியாத எங்கள் ஜனம் அதற்குச் சிரிக்கவில்லை. புரிந்திருந்தாலும் சிரித்திருக்க மாட்டார்கள்.

நம் படங்களும் சளைத்தவை அல்ல. கிளப் டான்ஸ் ஆடுகிற பெண் கெட்டவள், அவள் கடைசி ரீலுக்கு முன்னால் நாயகனுக்காகக் குண்டடிபட்டுச் சாக வேண்டும் என்பது எழுதாத சட்டம். ஏ. சகுந்தலாவை நினைத்துக்கொள்கிறேன். ‘சி.ஐ.டி. சங்கர்’ அவருக்குப் பெரிய வாய்ப்பு, அந்தப் படத்தாலேயே வாழ்நாள் முழுக்க சி.ஐ.டி. சகுந்தலா என்று அழைக்கப்பட்டார். 2024-இல் காலமானார். ஆனால் பட்டம் கொடுத்த சினிமா அவருக்குத் துப்பறியும் வேலை கொடுக்கவில்லை. பின்னால் வந்தவற்றில் நிறைய ஆட்டம்தான். 2022 விக்ரமில் வீட்டு வேலைக்காரம்மாவாக வந்து திடீரென்று ஏஜென்ட் டீனாவாக மாறிச் சண்டை போடுகிற வசந்தி, பல வருஷம் சினிமாவில் பின்வரிசையில் ஆடிய நடனக் கலைஞர். அந்தச் சண்டைக்குத் தியேட்டர் எழுந்து கத்தியதைப் பேத்தி சொல்லித்தான் கேட்டேன். பிறகு நானும் பார்த்தேன். நான் ஓட்டிய அத்தனை கிளப் பாட்டுகளிலும் பின்னால் ஆடிய முகம் தெரியாத பெண்கள் எல்லோரும் அந்த ஒரு காட்சியில் முன்வரிசைக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

காலம் மாற்றிவிட்ட படம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் அதுவும் ‘சி.ஐ.டி. சங்கர்’தான். உடம்பில் வெடிகுண்டோடு போய்த் தானும் செத்து மற்றவரையும் கொல்லும் ஆட்கள் அந்தக் கதையில் வருகிறார்கள். 1970-களில் நாங்கள் அதை மாயாஜாலத்தில் சேர்த்தோம். மனுஷனைக் குண்டாக்குவதெல்லாம் சினிமாவில்தான் நடக்கும் என்று கொட்டகையில் பேசிக்கொள்வார்கள். 1991 மே 21-இல் ஸ்ரீபெரும்புதூரில் மனித வெடிகுண்டால் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு அந்தப் படத்தை எங்கே பார்த்தாலும் அந்த இடத்தில் விசில் வருவதில்லை. படத்தில் ஒரு ஃபிரேம்கூட மாறவில்லை, பார்க்கிற நாம் மாறிவிட்டோம். ஒரு மலிவான திகிலாக எழுதப்பட்டது இன்று உண்மையான பயத்தோடு நிற்கிறது.

கடைசியாக ஒன்று, இது என் தொழில் சம்பந்தப்பட்டது. பழைய படம் தாங்கவில்லை என்று இளைஞர்கள் சொல்வதில் பாதி, அவர்கள் பார்ப்பது படமே இல்லை என்பதால். பேத்தி போனில் ‘வல்லவன் ஒருவன்’ போட்டுக் காட்டினாள். ஜெய்சங்கர் குண்டாக, கட்டையாகத் தெரிந்தார். அந்தக் காலப் படம் ஏறக்குறைய சதுரம், நாலுக்கு மூன்று. அதை அகலத் திரைக்கு இழுத்து விட்டிருக்கிறார்கள். ஓட்டமும் நடையுமாக இருந்த மனிதரை இழுத்துப் பிடித்து அகலமாக்கினால் வேகம் எங்கே இருக்கும்? மழை மழையாகக் கோடு விழுந்த பிரதி, பாட்டுக்கு நடுவே வெட்டு, தேய்ந்த ஒலி. கார்பன் வெளிச்சத்தில் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தின் கறுப்பு எப்படி இருக்கும் என்று அவளுக்கு வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

ஃபிலிம் சும்மா இருக்கிற பொருள் இல்லை. டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அது அழுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சுருங்கும், வளையும், மிஷினில் ஏறாது. வெப்பமும் ஈரமும் உள்ள நம் ஊரில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். ‘கர்ண’னை 2012-இலும் ‘ஆயிரத்தில் ஒருவ’னை 2014-இலும் டிஜிட்டலில் புதுப்பித்துத் தியேட்டருக்குக் கொண்டுவந்தார்கள், கூட்டமும் வந்தது. ஜெய்சங்கர் 2000-இல் போய்விட்டார். அவருடைய சி.ஐ.டி. படங்களின் நெகட்டிவோ நல்ல பிரதியோ யாரிடம் இருந்தாலும், வாடை வருவதற்குள் ஸ்கேன் செய்துவிடுங்கள். முதலில் ‘வல்லவன் ஒருவன்’. வண்ணம் பூச வேண்டாம், அகலத் திரைக்காகத் தலையையும் காலையும் வெட்ட வேண்டாம், நாலு பக்கமும் சத்தம் வரும்படி ஒலியைப் புதிதாகச் சேர்க்கவும் வேண்டாம். கோடுகளை மட்டும் எடுத்துவிட்டு, சதுரப் படமாகவே, ஒற்றை ஒலியாகவே கொடுங்கள்.